பதினாலாம் நம்பர் ஹாப்பர்

மார்ச் 9, திங்கள்

மீனுவுக்குப் பள்ளியில் ‘என் அம்மாவின் வேலை’ என்று பத்து வரி எழுதச் சொன்னார்களாம். காலையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். எங்கள் மின் நிலையத்துக் கொதிகலனில் நிலக்கரி எரியும்போது புகையோடு சாம்பலும் கிளம்பும். அதை அப்படியே விட்டால் ஊர் மேல் விழும். அதனால் புகையை ஒரு பெரிய இரும்பு அறைக்குள் விடுகிறோம். உள்ளே வரிசை வரிசையாகத் தகடுகள், நடுவே மின்சாரக் கம்பிகள், ஐம்பதாயிரம் வோல்ட். சாம்பல் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் தட்டினால் கீழே கூம்பு மாதிரித் தொட்டிகளில் விழும். அந்தத் தொட்டிதான் ஹாப்பர். அதிலிருந்து சாம்பலைக் குழாய் வழியே உறிஞ்சி அனுப்பிவிடுவோம். இதற்கெல்லாம் சேர்த்து ஈ.எஸ்.பி. என்று பெயர், அதற்கு உன் அம்மா உதவிப் பொறியாளர்.

மீனு எழுதியது: “என் அம்மா புகையைப் பெருக்குகிறார்.”

ஷிஃப்டில் சுத்தியல் மோட்டார் ஒன்று மாற்றினோம். பதிமூன்றிலிருந்து பதினாறு வரை உள்ள ஹாப்பர்களில் சாம்பல் நிறைந்தால் அடிக்கிற மட்ட அலாரம் இன்றும் கத்திக்கொண்டே இருந்தது. பதினாலாம் நம்பரில் சென்சார் பழுது. காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டது என்று சொல்லும். போன மாதம் முழுக்க இதே கதை. கண்ட்ரோல் ரூமிலிருந்து எட்டுத் தடவை போன். “அரசி மேடம், இந்தச் சத்தத்துல எங்களுக்கு வேற அலாரமே காதுல விழல.” மதியத்துக்கு மேல் சரிசெய்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

புது சென்சாருக்குக் கேட்டு எழுதினேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பம்.

மார்ச் 12, வியாழன்

அலாரமே இல்லாத மூன்றாம் நாள். கண்ட்ரோல் ரூமில் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

மார்ச் 14, சனி

அதே வரிசையில் ஹாப்பர் ஹீட்டர்களுக்குப் போகிற கேபிள் எரிந்திருக்கிறது. நாலு ஹாப்பருக்கும் சூடு இல்லை. சூடு இல்லையென்றால் சாம்பல் ஈரம் பிடித்து இறுகும், கீழே இறங்காது. ஸ்டோரில் அந்த அளவு கேபிள் இல்லை. லாக் புத்தகத்தில் ‘கவனிக்கப்படுகிறது’ என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது.

மெயின் கேட்டில் உப்பளக்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பாத்தியில் சாம்பல் விழுந்து உப்பு கறுத்துப்போகிறதாம். ஒருவர் ஒரு கை உப்பை நீட்டி, “நீங்களே பாருங்கம்மா” என்றார். பார்த்தேன். மேலே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

காலை பத்து இருபதுக்கு மூன்றாவது ஃபீல்டு, அதாவது அந்த நாலு ஹாப்பருக்கும் மேலே உள்ள தகடு வரிசை, போய்விட்டது. பேனலில் வோல்டேஜ் பூஜ்யம், கரண்ட் உச்சம். இரண்டு காரணம்தான் இருக்க முடியும். கம்பி அறுந்து தகட்டில் பட்டிருக்க வேண்டும். இல்லை, கீழே ஹாப்பர் நிறைந்து சாம்பல் கம்பி வரைக்கும் ஏறியிருக்க வேண்டும்.

செயற்பொறியாளர் வேதமூர்த்தி சாரிடம் போய்ச் சொன்னேன்.

“ஹாப்பரா? மட்ட அலாரம் வரலையே. கண்ட்ரோல் ரூம்ல கேட்டேன், ஒரு வாரமா ஒண்ணுமே இல்லைங்கறாங்க. அப்புறம் எப்படி நிறையும்? கம்பிதான் அறுந்திருக்கு. ஏப்ரல் ஷட்டவுன்ல பாத்துக்கலாம்.”

“சரி சார்” என்றேன்.

சிம்னிப் புகை நேற்றை விடக் கறுப்பு. வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்த துணியை உதறி மறுபடி நனைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஞானதிரவியத்தைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். காண்ட்ராக்ட் ஆட்களின் மேஸ்திரி அவர். இருபது வருடமாக இந்த ஹாப்பர்களின் அடியிலேயே கிடப்பவர். ஒரு இரும்புக் கம்பியால் பதினாலாம் நம்பரைக் கீழேயிருந்து மேலே தட்டிக்கொண்டே போனார். ஏணியில் ஏறியும் தட்டினார். எங்கே தட்டினாலும் கல்லில் தட்டுகிற சத்தம்.

“மேல வரைக்கும் நெறஞ்சி கெடக்கு மேடம். எத்தன நாளாச்சோ.”

“பதினாலு மட்டுமா?”

“இத மட்டுந்தான தட்டச் சொன்னீய. மத்ததுல அலாரம் இல்லல்லா?”

இல்லை என்றேன்.

மார்ச் 18, புதன்

ஒரு நாள் யூனிட்டை நிறுத்தி, குளிர்ந்தபின் காலிசெய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனேன். வேதமூர்த்தி சார் தாளைப் படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

“வெயில் ஆரம்பிச்சாச்சு. பரீட்சை நேரம் வேற. சென்னைல இருந்து மணிக்கொரு தடவை லோடு கேக்கறான். ஒரே ஒரு ஹாப்பருக்காக இருநூத்திப்பத்து மெகாவாட்டை நிறுத்துறேன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? கீழ தட்டைக் கழட்டி, கம்பி விட்டுக் குத்தி எடுக்கச் சொல்லுங்க. முன்னாடி செஞ்சதுதானே.”

முன்னால் செய்ததுண்டு. அரைவாசி நிறைந்த ஹாப்பரில்.

மார்ச் 19, வியாழன்

தோல் கையுறை நாலு ஜோடி, முகக்கவசம் இரண்டு. தீத்தடுப்பு உடை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கிழிசல். மீனுவுக்கு நாளை கணக்குப் பரீட்சை, எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறாள்.

மார்ச் 20, வெள்ளி

லிங்கதுரை மேல் சாம்பல் கொட்டிவிட்டது. இடுப்புக்குக் கீழே முழுவதும், இரண்டு கைகளும். இன்று எழுத முடியாது.

மார்ச் 21, சனி

வேலை அனுமதிச் சீட்டில் என் கையெழுத்துதான் இருக்கிறது. காலை 9.40.

லிங்கதுரைக்கு முப்பத்தெட்டு வயது. குத்துகிற வேலையில் அவரைவிட ஆளில்லை என்று ஞானதிரவியம்தான் அவரை அனுப்பினார். ஹாப்பரின் அடியில் உள்ள தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு ஆட்டினார். முதலில் கட்டி கட்டியாக விழுந்தது. அரை மணி நேரம் அப்படியே. பிறகு ஒன்றுமே விழவில்லை. “எங்கயோ பாலம் கட்டி நிக்குது” என்று அவர் சொன்னது கேட்டது, நடுவே இறுகி மேலே உள்ளதைத் தாங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் எனக்கு போன் வந்தது. திரும்பி நின்று பேசினேன்.

தண்ணீர் மாதிரி வந்தது. சூடான சாம்பல் அப்படித்தான் வரும், கொட்டாது, பாயும். அடியில் இறுகியிருந்தது, மேலே புகை பட்டுப் பட்டு நூற்றைம்பது டிகிரிக்குக் குறையாத தூள். எவ்வளவு போல்ட் கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை. தட்டு ஒரு பக்கமாகத் தொங்கியதை மட்டும் பார்த்தேன். அவர் கத்தவில்லை. முழங்கால் வரைக்கும் சாம்பலுக்குள் நின்று வெளியே வரப் பார்த்தார், வழுக்கியது, கையை ஊன்றினார். ஞானதிரவியம் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வெளியே அவர் மனைவி செல்வக்கனி உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரியாது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நிற்கிறார், என் முன்னால்.

“என்ன ஆச்சி மேடம்? அவுஹ கவனமான ஆளு. பீடி பத்த வச்சாக்கூட மூணு தடவ மிதிச்சி அணைப்பாஹ.”

விசாரிக்கிறோம் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

விடுமுறையாக இருந்தும் வேதமூர்த்தி சார் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். அறிக்கை தயாராக இருந்தது, இரண்டு பக்கம். ‘மட்ட அலாரம் ஏதும் வராத நிலையில், தொழிலாளி அனுமதிக்கப்பட்ட அளவை மீறி நான்கு போல்ட்டுகளையும் கழற்றியதால் விபத்து நேர்ந்தது.’ கீழே என் பெயர் டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நாளை காலைக்குள் வேண்டுமாம்.

சிவநேசன் படித்துப் பார்த்தார். என் கணவர், டவுன்ஷிப் பள்ளியில் வாத்தியார். தாளில் எழுதியதைத் திருத்துகிற பழக்கம் உண்டு. இதில் எதையும் திருத்தவில்லை.

“போட்டுக் குடுத்துடு அரசி. நீ போடலைன்னா வேற யாராவது போடுவாங்க. அலாரம் வரலைங்கறது உண்மைதானே?”

உண்மைதான்.

இங்கே எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி நான் சென்சாரைச் சரிசெய்யவில்லை. லோக்கல் பேனலைத் திறந்து இரண்டு முனைகளுக்கு நடுவே அரை சாண் சிவப்பு வயர் ஒன்றைப் போட்டேன். அந்த வரிசையில் நாலு ஹாப்பருக்கும் சேர்த்து ஒரே லைன். ஒன்றை வாயடைத்தால் நாலும் அடங்கும். அது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. ஃபீல்டு போன அன்று, “அலாரம் வரலையே” என்று அவர் சொன்னபோது அந்த வயர் என் கண் முன்னால் நின்றது. “சரி சார்” என்றேன். செவ்வாய்க்கிழமை ஞானதிரவியம் கேட்டபோதும் அப்படித்தான்.

சிவநேசனிடம் இதைச் சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். பால் ஏற்கெனவே இருந்தது.

மார்ச் 23, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். நாளை யாராவது கேட்பார்கள்.

காலை ஏழரைக்கே போய்விட்டேன். அறிக்கை பைக்குள், கையெழுத்துப் போட்டது. போட்டுத்தான் கொண்டுபோனேன். விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்னால் வயரை எடுத்துவிடவேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறொன்றும் இல்லை.

பேனலைத் திறந்தேன். திருப்புளியால் இரண்டு ஸ்குரூவைத் தளர்த்தி வயரை உருவினேன்.

நாலு விளக்கும் எரிந்தன. பதினாலு எரியும் என்று தெரியும், அதன் சென்சார் பழுது, அதுவும் இப்போது பாதி நிறைந்துதான் இருக்கிறது. பதிமூன்று, பதினைந்து, பதினாறு. அந்த மூன்றிலும் சென்சார் நல்ல சென்சார்.

ஹீட்டர் இல்லாமல் ஒன்பது நாளாக நாலும் இறுகிக்கொண்டு வந்திருக்கின்றன. அந்த ஃபீல்டு ஏற்கெனவே செத்துக் கிடந்ததால் வேறு எந்த மீட்டரிலும் அது தெரியவில்லை. ஒரு ஹாப்பர் நிறைந்தால் ஐம்பது டன் தாண்டும். கீழே எட்டிப்பார்த்தேன். வெள்ளிக்கிழமை கொட்டிய சாம்பலை அள்ள ஆறு பெண்கள், துடைப்பமும் சட்டியுமாக, அந்த நாலு கூம்புகளுக்கும் நேர் கீழே. ஞானதிரவியம் ஓரமாக நின்றிருந்தார்.

வயர் என் கையில் இருந்தது. திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதத்தான் வேண்டும். அரை நிமிடம் இருக்கும். மாட்டிவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லிப் பெண்களை மட்டும் வெளியே அனுப்பலாம் என்றுகூட யோசித்தேன்.

கண்ட்ரோல் ரூமில் இருந்து போன். “மேடம், பதிமூணு டு பதினாறு மட்ட அலாரம் வந்திருக்கு. மறுபடி அந்தப் பழைய ரிப்பேரா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இருங்க” என்று வைத்துவிட்டு வேதமூர்த்தி சாரைக் கூப்பிட்டேன். அவர் அப்போதுதான் வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

“நாலுக்கும் அலாரம் வந்திருக்கு, பதினாலைத் தவிர மத்த மூணும் நிறைஞ்சிருக்கு சார். யூனிட்டை எடுக்கணும்.”

“நேத்து வரைக்கும் வராத அலாரம் இன்னைக்கு எப்படி நாலும் சேந்து வருது?”

“வயர் போட்டு அடைச்சிருந்தேன் சார். ஒன்பதாம் தேதி. இப்பதான் எடுத்தேன்.”

அவர் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“யாருகிட்ட சொல்லியிருக்கீங்க?”

“உங்ககிட்டதான்.”

“அப்ப என்னோடயே இருக்கட்டும். வயரைத் திரும்ப வைங்க. ஆளுங்களை அங்கேருந்து கெளப்பிடுங்க. நான் வந்ததும் லோடைக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கி, வேற காரணம் சொல்லி நிறுத்திக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அரசி. உங்களுக்குப் பொண் குழந்தை இருக்கு.”

“நீங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“முக்கால் மணி.”

படியில் இறங்கி ஓடினேன். பெண்கள் என்னைப் பார்த்ததும் வேலையை வேகமாகச் செய்தார்கள், மேற்பார்வை பார்க்க வருகிறேன் என்று நினைத்து. “எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க” என்றேன். ஒருத்தி சட்டியை எடுக்கத் திரும்பினாள். ஞானதிரவியம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தூணில் இருந்த ஒலிபெருக்கி போனை எடுத்தேன். அதில் பேசினால் யூனிட் முழுவதும் கேட்கும். டர்பைன் மாடியில், கொதிகலன் பக்கம், கேண்டீனில்கூட.

“கண்ட்ரோல் ரூம், இரண்டாம் யூனிட் ஈ.எஸ்.பி.யில் இருந்து உதவிப் பொறியாளர் மங்கையர்க்கரசி. ஹாப்பர் பதிமூன்று, பதினைந்து, பதினாறு முழுவதும் நிறைந்திருக்கிறது. மட்ட அலாரத்தை ஒன்பதாம் தேதியிலிருந்து நான் வயர் போட்டு அடைத்து வைத்திருந்தேன். இப்போது வருவது உண்மையான அலாரம். யூனிட்டை உடனே நிறுத்தவும்.”

இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு யூனிட் நின்றது. இரைச்சல் அடங்கியதும் கடல் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஞானதிரவியம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“செவ்வாக்கெழம கேட்டேன்லா மேடம்” என்றார்.

“கேட்டீங்க.”

“இல்லன்னு சொன்னீய.”

பிறகு அந்தப் பெண்களிடம் போய்விட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

தற்காலிகப் பணிநீக்கம். உத்தரவை வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். பைக்குள் இருந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

ஹாப்பர்களைத் திறந்து பார்த்ததை ஷிஃப்டில் உள்ள ஒருவர் போனில் சொன்னார். சாம்பல் கம்பிகள் வரைக்கும் ஏறித் தகடுகளை வளைத்திருக்கிறதாம். பதினைந்தாம் நம்பரைத் தாங்குகிற இரும்புக் காலில் வெல்டிங் விரல் நுழைகிற அளவுக்கு விட்டிருக்கிறதாம். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சிவநேசன் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று சாப்பிடும்போது, “என்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றார். சொல்லியிருக்கலாம்.

மார்ச் 28, சனி

லிங்கதுரையைப் பார்க்கப் போனேன். அவருக்கு நினைவு இருக்கிறது என்றும் பேசுகிறார் என்றும் ஞானதிரவியம் சொன்னார். இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டு. கால்களுக்கு மேல் வளையம் வைத்துத் துணி போட்டிருந்தார்கள். செல்வக்கனி இந்த முறை எழுந்து நிற்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது.

நான் நின்றுகொண்டே சொன்னேன். வயர், தேதி, கேட்டும் சொல்லாமல் இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“அலாரம் வந்திருந்தா, யூனிட்ட நிப்பாட்டித்தான தொறக்கச் சொல்லியிருப்பீய?”

“ஆமா. நாலும் நிறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிருந்தா, ஓடும்போது திறக்க அனுமதி குடுத்திருக்க முடியாது.”

“நான் தொறந்தேன்.” அவர் மறுபடி கண்ணை மூடினார். “எட்டு நாளா அதத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். என்ன தப்பு பண்ணுனேன், எங்க கம்பிய அதிகமா குத்துனேன்னு. காண்ட்ராக்டர் ஆளு வந்து, நாலு போல்ட்டயும் கழட்டுனது ஒன் தப்பு, பேப்பர்ல எழுதியாச்சிங்கான்.”

“நீங்க எத்தனை கழட்டினீங்க?”

“ரெண்டு. மத்த ரெண்டத் தொடவே இல்ல.”

நான் அன்று போன் பேசிக்கொண்டு திரும்பி நின்றதைச் சொன்னேன். அதுவும் அவருக்குத் தெரியாது. அங்கேயே ஞானதிரவியத்துக்குப் போன் போட்டேன். அவர் நின்றிருந்த இடத்திலிருந்து நடந்து போய், தட்டைப் பார்த்து, படம் எடுத்து அனுப்பினார். தட்டு வளைந்து தொங்குகிறது. வலப்பக்கத்து இரண்டு போல்ட்டும் நட்டோடு அப்படியே இருக்கின்றன. யாரும் போய்ப் பார்க்காமலே நான்கு என்று டைப் அடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

லிங்கதுரையிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“எழுதுங்க” என்றார்.

செல்வக்கனி மாத்திரை வாங்கிய கடையின் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் வைத்து எழுதினேன். நான் செய்தது முதலில். பிறகு அவர் செய்தது. மூன்று பக்கம் ஆனது. அவரால் பிடித்துப் படிக்க முடியாது, அதனால் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் கேட்டார்கள். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“‘போதிய கவனமின்றி அலாரத்தை அடைத்தேன்’னு இருக்கே, அது இல்ல. கவனமாத்தான அடைச்சீய.”

முதல் இரண்டு வார்த்தைகளை அடித்தேன். ‘தெரிந்தே’ என்று எழுதினேன். சாட்சிக்குச் செல்வக்கனி கையெழுத்துப் போட்டார், எழுத்துக் கூட்டி, மெதுவாக.

கிளம்பும்போது வராந்தா வரைக்கும் வந்தார்.

“எழுதிக் குடுத்தது நல்லது. ஆனா இனிமே இங்க வராதீய மேடம். அவுஹ உங்க முன்னால வலிய அடக்கிக்கிட்டுக் கெடக்காஹ. நீங்க போனதுக்கப்புறந்தான் அழுவாஹ.”

சரி என்றேன். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

விசாரணை. மூன்று அதிகாரிகள், வெளியிலிருந்து வந்தவர்கள். வேதமூர்த்தி சார் எதிரே உட்கார்ந்திருந்தார். யூனிட் நின்ற அன்று காலை போனில் பேசியதைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார். நான் நேரத்தைச் சொன்னேன், அவர் சொன்னதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா தெரியாது.

என் மூன்று பக்கத்தை நடுவில் இருந்தவர் படித்தார். வயதானவர், மெதுவாகப் படிப்பவர்.

“உங்க கையெழுத்துதானா?”

“ஆமா சார்.”

“நீங்க செஞ்சதை ஒத்துக்கிட்டீங்க. அது போதும். இந்தப் போல்ட் விவரமெல்லாம் இதுல எதுக்கு? நீங்க உங்க தவறைச் சொல்றீங்க, அவர் எத்தனை கழட்டினார்ங்கறது வேற விஷயம். அந்தப் பத்தியை எடுத்துடலாமே, சுருக்கமா இருக்கும்.”

பேனாவால் அந்தப் பத்தியின் ஓரத்தில் கோடு போடப் போனார்.

“எடுக்க முடியாது சார்” என்றேன். “அது நான் எழுதினது இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினது. அவருக்குக் கையெழுத்துப் போடக் கையில்லை.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பத்தியை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.